மொச்சைக்கொட்டை ராசா

சாப்பாட்டு மேசைக்கு அடியில் நான் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் நிறைமாதம். தலைக்கு மேலே பப்பா கேக்கை வெட்டுகிற சத்தம் பலகை வழியாக இறங்கிக் கேட்டது. வெண்ணெய் வாசனையும் வறுத்த முந்திரி வாசனையும் மேசை விரிப்பைத் தாண்டிக் கீழே வந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்தால் உள்ளே இருந்தது உதைத்தது. அது உதைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

அங்கிருந்து பார்த்தால் என் குடும்பம் முழுவதும் வெறும் கால்கள்தான். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ பப்பாவுடையது. எங்கள் உப்பளம் பகுதி முழுக்கத் தேடினாலும் வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு சாப்பிடுகிற மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். நீல ரப்பர் செருப்பு அம்மா. ஒன்றை ஒன்று சொறிந்துகொண்டிருந்த வெறுங்கால்கள் என் கணவர் அந்துவான். வெடிப்புக்கு வாஸ்லின் தடவிய பாதங்கள் பப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. சாம்பல் காலுறை பத்ரிக் அண்ணன்.

அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கால்கள். பெரிய கால்கள். கட்டைவிரல்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த அத்தையின் பாதங்கள் மட்டும் மரியாதையாக ஒரு சாண் தள்ளி ஒதுங்கியிருந்தன.

"இது யாருக்கு?" மேலேயிருந்து பப்பாவின் குரல்.

"அத்தைக்கு" என்றேன்.

"இது?"

"அம்மாவுக்கு."

"சத்தமா சொல்லு சிசிலு, பட்டாளத்துல இப்படி முனகினா சோறு கெடைக்காது."

என் கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன். உங்களில் பலர் அதைப் படித்துவிட்டு, இந்தக் குடும்பத்தில் எதுவுமே ஒழுங்காக நடக்காதா என்று கேட்டிருந்தீர்கள். நடக்காது. ஆனால் ஒழுங்காக நடக்காததால்தான் எங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது. இந்த மேசைக்கதையே அதற்குச் சாட்சி.

பட்டாளத்து கேக்

பப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளம் அவருக்குப் பென்ஷன் கொடுத்தது, முழங்கால் வலி கொடுத்தது, கூடவே ஒரு கேக்கும் கொடுத்தது.

மூன்று ராசாக்கள் திருநாளன்று, அதாவது குழந்தை ஏசுவைப் பார்க்க ஞானிகள் வந்த நாளில், வெட்டுகிற கேக் அது. பப்பா அதைக் 'கலேத்' என்பார். பிரான்சில் அதற்குள் பீங்கானில் செய்த சின்ன பொம்மையை மறைத்து வைப்பார்களாம். எங்கள் வீட்டில் அம்மா ஒரு காய்ந்த மொச்சைக்கொட்டையை வைப்பாள். பாதாமுக்குப் பதில் முந்திரி. தெருமுனை பேக்கரிக்காரர் ரொட்டி சுட்டு முடித்த பிறகு, அந்த அடுப்புச் சூட்டில் தட்டோடு உள்ளே தள்ளிக் கொடுப்பார். பப்பாவின் கலேத்துக்கும் அம்மாவின் கலேத்துக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இருந்திருக்காது என்பது என் சந்தேகம். ருசிக்குக் குறைவில்லை.

இந்தக் கேக்குக்குச் சட்டங்கள் உண்டு. வீட்டில் வயதில் சின்னவர் மேசைக்கு அடியில் போக வேண்டும். மேலே ஒவ்வொரு துண்டாகக் காட்டி யாருக்கு என்று கேட்பார்கள், கீழே இருப்பவர் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். யார் வாயில் கொட்டை அகப்படுகிறதோ அவர் அன்றைக்கு ராசா. தங்கக் காகிதக் கிரீடம் அவருக்கு. ராசா தனக்கு ஒரு ராணியைச் சொல்லியாக வேண்டும். ராணிக்கும் ஒரு கிரீடம் உண்டு.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் நான்தான் அந்த வீட்டில் சின்னவள். அதனால் நிறைமாதத்திலும் மேசைக்கு அடியில் போனேன். "இந்த வருஷமாவது விடுங்களேன்" என்று அம்மா கேட்டதற்கு, "கர்ப்பத்துக்கு விலக்குன்னு சட்டத்துல எங்கயும் இல்லியே" என்றார் பப்பா.

இன்னொரு சட்டம்தான் முக்கியம். வீட்டில் எத்தனை பேரோ அதைவிட ஒரு துண்டு கூடுதலாக வெட்ட வேண்டும். அது ஏழையின் பங்கு. அன்றைக்கு எதிர்பாராமல் யார் வாசலில் வந்து நின்றாலும் அது அவருக்கு. இல்லை என்று சொல்லக்கூடாது, வாசலிலேயே கொடுத்து அனுப்பவும் கூடாது, மேசையில் உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னொரு வருஷம் தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். கொட்டை அவருக்குத்தான் விழுந்தது. கிரீடத்தைத் தலையில் வைத்தபடியே மிச்ச மீனை விற்றுவிட்டுப் போனார்.

வீணாய்ப் போன நேஷனாலிட்டி

பத்ரிக் அண்ணனுக்குப் பாரிசுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி, கழுத்தில் சிலுவை, முகத்தில் குழி விழுகிற சிரிப்பு. எங்கள் ஊர்க் கல்யாணச் சந்தையில் இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளைக்குத் தகுதி தேவையில்லை. பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் அம்மாவின் கைப்பையில் பெண் புகைப்படங்கள் சேர்ந்துவிடும். பையனுக்கு நேஷனாலிட்டி இருந்தால் பெண் வீட்டுக்கே விமானம் வந்த மாதிரி.

அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறை சொன்னான். உயரம் என்றான், குள்ளம் என்றான். ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு நன்றாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்றான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உண்மையைச் சொன்னான். தனக்கு எந்தப் பெண்ணும் வேண்டாம், எத்தியேன் என்று ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறேன், அங்கே அதைச் சட்டப்படி பதிவும் செய்துவிட்டோம் என்றான்.

பப்பா ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதோடு மகனிடம் பேச்சை நிறுத்தியவர்தான்.

அம்மா அழுதாள். நன்றாகவே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு ரிசீவரில் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "யாரு வீட்டுப் புள்ள? எந்தக் கோயில் பங்கு?"

காரைக்கால் பையன், பாரிசில் பஸ் ஓட்டுகிறார், அங்கே நடக்கிற தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் இருக்கிறார், அங்கேதான் பழக்கம் என்றான் அண்ணன்.

"கோயில்லயா பாத்துகினீங்க?" என்றாள் அம்மா. குரலில் லேசாக ஒரு ஆறுதல் தெரிந்தது. "அந்தப் புள்ளைக்கும் நேஷனாலிட்டி இருக்கா?"

"இருக்கும்மா."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ரெண்டு நேஷனாலிட்டிடி. ஒரே வீட்டுல. ரெண்டு பொண்ணுங்க கரையேறியிருக்கும், இப்படி வீணாப் போச்சே" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள்.

நண்டு நின்றது

அப்போது நான் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் வேதத்தைப் பற்றி யார் எது சொன்னாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அண்ணன் செய்தது பாவம் என்று காட்ட, வேதத்தில் கடவுள் அழித்த சோதோம் நகரத்தைப் பப்பா பிடித்துக்கொண்டார். நெருப்பும் கந்தகமும் எதற்காக இறங்கியது என்று கேட்டார். நான் அந்தக் கதையை எடுத்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அந்த ஊருக்கு வருகிறார்கள். ஊரே கூடி அவர்களை நாசம் பண்ணப் பார்க்கிறது. ஒருவன் மட்டும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு ரொட்டி சுட்டுப் போடுகிறான். "கதவத் தெறந்தவன்தான் பப்பா தப்பிச்சான். அந்த ஊரு கர்வம் புடிச்சு, வயிறு நெறையத் தின்னுட்டு ஏழைய கவனிக்காம விட்டுச்சுன்னு பிற்பாடு தீர்க்கதரிசியும் சொல்றாரு" என்றேன். பப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பழைய ஏற்பாட்டின் லேவியர் சட்டத்துக்கு வந்தார். ஆணோடு ஆண் கூடுவது அருவருப்பு என்று எழுதியிருக்கிறதே என்றார். எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அதை அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், கையில் ஒரு நண்டுக்காலை உடைத்துக்கொண்டே.

"செதிலும் துடுப்பும் இல்லாத கடல் பிராணியும் அருவருப்புன்னு அதே சட்டத்துல இருக்குது பப்பா. பன்னியும் ஆவாது."

நண்டு அவர் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அம்மா அன்றைக்குப் பன்றிக்கறியும் சமைத்திருந்தாள். பப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், பசி வேறு. "அது பழைய சட்டம்" என்று சொல்லிவிட்டு நண்டை வாயில் போட்டுக்கொண்டார். "எது?" என்று கேட்டேன். அந்துவான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அத்தை அவ்வளவு எளிதில் மடங்குகிறவள் இல்லை. அவள் செபக்குழு நடத்துகிறவள். சிவப்புப் பென்சிலில் கோடு போட்ட வேதத்தோடு வந்து பவுலடியார் ரோமையருக்கு எழுதின கடிதத்தை எடுத்தாள். ஆண்கள் இயற்கையை விட்டு ஆண்கள்மேல் ஆசைப்பட்டதைப் பற்றி அவர் கடுமையாகத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு நண்டு பதில் ஆகாது.

நான் அடுத்த அதிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுகிறவனே, மற்றவனுக்குத் தீர்ப்புச் சொல்ல நீ யார், நீயும் அதே ஆள்தான் என்று அங்கே அவர் திரும்பிக்கொள்கிறார். அத்தையின் சிவப்புக் கோடு அதற்கு முந்தின பக்கத்தோடு நின்றிருந்தது.

"அதனால பாவம் பாவம் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் அத்தை. எனக்குக் கோபம் வந்தது. வந்தாலும் அவள் கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அண்ணனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அவன் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக் கிடந்தவள் அவள்தான். அவன்மேல் அவளுக்கு இருந்தது வெறுப்பில்லை, பயம். அவன் மோட்சத்துக்கு வராமல் போய்விடுவானோ, அங்கே தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமோ என்ற பயம்.

பவுலடியாரோடு எனக்கு இன்றைக்கும் வழக்குத் தீரவில்லை. மேலே போய் நேரில் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரிந்தது. அந்த வேதத்தில் இந்த விஷயத்துக்கு வருகிற வரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசலில் வந்து நிற்கிறவனை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிற வரிகளை எண்ண என்னிடம் அத்தனை விரல் இல்லை.

ஃபாதர் போட்ட முடிச்சு

இத்தனை சண்டைக்கும் காரணம் என் வயிறு. பிறக்கப்போகிற பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அண்ணன்தான் ஞானத் தகப்பன் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவன், முதல் நற்கருணைக்கு என் கையைப் பிடித்து நடத்தியது அவன். வேறு யாரையும் அந்த இடத்தில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவன் அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட நின்னா, நான் அந்தக் கோயில் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் பப்பா.

நான் பங்குச் சாமியாரிடம் போனேன். வயதானவர், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு வெகுநேரம் துடைத்தார்.

"திருச்சபை போதனை என்னான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத மாத்துறதுக்கு நான் யாரும்மா? உங்க அண்ணன் ஊருக்கு வந்ததும் என்கிட்ட வரச்சொல்லு. புள்ளைய விசுவாசத்துல வளக்க ஒத்தாசை பண்ணுவானான்னு நான் அவன்கிட்ட பேசிக்கிறேன். ஆனா உங்க அப்பா கேக்குறது வேற. பெத்த மகன வீட்டுக்குள்ள விடலாமான்னு கேக்குறாரு. அதுக்குப் புத்தகம் பொரட்டணுமா?"

பிறகு ஒரு முடிச்சும் போட்டார். "உங்க அப்பா வராம நான் அந்தப் புள்ள தலையில தண்ணி ஊத்தமாட்டேன். ஒரு ஞானஸ்நானத்த வச்சி ஒரு குடும்பத்த ரெண்டாக்க எனக்கு இஷ்டமில்ல."

ஆக, பப்பா வந்தால்தான் ஞானஸ்நானம். அண்ணன் நின்றால் பப்பா வரமாட்டார். அண்ணன் இல்லாமல் எனக்கு வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணனும் எத்தியேனும் வந்து இறங்கி நெல்லித்தோப்பில் என் வீட்டில் தங்கினார்கள். மகன் வரலாம், தனியாக வந்தால் வரலாம் என்று பப்பா அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். ரெண்டு பேராக வருவோம், இல்லையென்றால் வரமாட்டோம் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான். பிடிவாதம் எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. கிறிஸ்துமஸ் அப்படியே போயிற்று.

எத்தியேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், குரலோ பூனைக்குக்கூடக் கேட்காது. வந்த மறுநாளே என் வீட்டு மிக்ஸியைப் பிரித்துச் சரிபண்ணினார். எனக்குக் கால் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் நாள் நான் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். திட்டமிட்டுக் கூப்பிடவில்லை, வாயில் வந்துவிட்டது.

வாசலில் யாரோ

திட்டம் போட்டது அம்மா. முப்பது சொச்ச வருஷம் பப்பா சொன்னதற்குத் தலையாட்டியே வாழ்ந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அம்மா. மாவு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீ சொன்னா கத்துவாரு. அவரோட சட்டமே சொன்னாத்தான் கேப்பாரு."

ராசாக்கள் திருநாளன்று சாயங்காலம். வெயில் இன்னும் சன்னல் கம்பிகளில் இருந்தது. பப்பா ஷூ போட்டு, தங்கக் காகிதத்தில் இரண்டு கிரீடம் வெட்டி, கத்தியைத் துணியால் துடைத்துத் தயாராக நின்றார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, யாரோ சர்வே எடுக்க வந்தவரைச் சொல்கிற தொனியில், "ஏங்க, வாசல்ல யாரோ நிக்கிறாங்க" என்றாள்.

"யாரு?"

"ஒருத்தரு நம்ம மகன். இன்னொருத்தர எனக்குத் தெரியாது."

பப்பா வாசலைப் பார்த்தார். அண்ணன் நின்றான். அவனுக்குப் பின்னால் எத்தியேன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, தலையை நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து நின்றார். பப்பா மேசையைப் பார்த்தார், கூடுதல் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசை விரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வந்தவருக்கு நாற்காலி போடு" என்றார் அம்மாவிடம். மகனைப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம், "நீ என்னா நின்னுகினு? கீழ போ."

கொட்டையைக் காணோம்

ஆக, இப்போது நாம் மறுபடி மேசைக்கு அடியில்.

"இது யாருக்கு?"

"வந்தவருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சொன்னதையே மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.

எல்லாத் துண்டும் போய்ச் சேர்ந்தது. மேலே மெல்லுகிற சத்தம். அந்துவான் எனக்கு ஒரு துண்டைக் கீழே நீட்டினார், நானும் மென்றேன். என் துண்டில் கொட்டை இல்லை.

திடீரென்று பெரிய கால்கள் இரண்டும் தரையை உதைத்தன. யாரோ விக்கினார்கள், இருமினார்கள், மூச்சு இழுத்தார்கள். அதற்குள் வாஸ்லின் தடவிய பாதங்கள் எழுந்து ஒரே தாவலில் அந்தக் கால்களுக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன். தொம் தொம்மென்று முதுகில் அடி விழுந்தது.

"முழுங்கு தம்பி, முழுங்கு. தண்ணி குடுங்கடி யாராவது" என்றாள் அத்தை.

இருமல் நின்றது. அத்தை தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அவள் பாதங்கள் ஒதுங்கி உட்கார இந்த முறை மறந்துவிட்டன.

"கொட்டை யாருகிட்ட?" என்றார் பப்பா.

தட்டுகளைக் கிளறுகிற சத்தம் கேட்டது.

"அந்துவான்?" "இல்லீங்க மாமா." "நீ?" "எனக்கு இல்லண்ணே." ஒவ்வொருவராக, ஆஜர் எடுக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார். மகன் முறை வந்தபோது பெயரைச் சொல்லவில்லை, மேசையில் தட்டினார். அண்ணன் "இல்ல பப்பா" என்றான். பிறகு பப்பா அம்மா பக்கம் திரும்பினார். "கொட்டை போட்டியா இல்லியா?"

"இந்தக் கையாலதான் வச்சேன்."

"அப்ப எங்க போச்சு?"

"அத கேக்குகிட்ட கேளுங்க."

நான் கீழே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அப்போதுதான் அந்தப் பூனைக் குரல் கேட்டது.

"என்கிட்டதாங்க இருக்குது. உள்ள போயிடுச்சு."

அந்துவான் வெடித்துச் சிரித்தார். அம்மா சிரித்தாள். "ராத்திரிக்கு வெளக்கெண்ண குடுங்க, காலைல வந்துடும்" என்றாள் அத்தை, மருந்துச்சீட்டு எழுதுகிறவள் தோரணையில். நான் சிரித்த சிரிப்பில் மேசைக் காலில் தலையை இடித்துக்கொண்டேன்.

பப்பா மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தில் இல்லாத ஒன்று நடந்துவிட்டது. அவர் யோசிக்கிற சத்தமே எனக்குக் கேட்டது.

"காலைல வரைக்கும்லாம் காத்திருக்க முடியாது" என்றார் கடைசியில். "கொட்டை எங்க இருக்குதோ அவன்தான் ராசா."

கறுப்பு ஷூ நடந்துபோய்ப் பெரிய கால்களின் முன்னால் நின்றது. காகிதம் சரசரத்தது. "விவ் லெ ருவா" என்று பப்பா அணிவகுப்புக் குரலில் கத்தினார். ராசா வாழ்க என்று அர்த்தம். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு வருஷமும் கேட்கிற அடுத்த கேள்வி, பழக்கத்தில், நிறுத்துவதற்குள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ராணி யாரு?"

அதோடு சிரிப்பு நின்றது.

"ஐயா, மன்னிச்சுக்கணும்" என்றார் எத்தியேன். "அது கெடச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சி, நீங்க இதக் கேப்பீங்கன்னு. உண்மையச் சொன்னா உங்க வீட்டுச் சந்தோசம் கெட்டுடும். உங்க மேசையில உக்காந்துகினு பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அதான் முழுங்கிட்டேன்."

இவ்வளவு பெரிய ஆள், எங்களைக் காப்பாற்ற ஒரு காய்ந்த மொச்சைக்கொட்டையை முழுதாக விழுங்கியிருக்கிறார். என்ன அசட்டு மனிதன், என்ன நல்ல மனிதன் என்று நினைத்தேன்.

"அண்ணிக்கே போட்டுடுண்ணே. வழக்கமா அவங்கதான? முடிஞ்சிடும்" என்றாள் அத்தை மெதுவாக. வழி காட்டுகிற குரல். எல்லோருக்கும் கௌரவமான வழிதான் அது.

கறுப்பு ஷூ நகர்ந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் பக்கம் வந்தது. நீல ரப்பர் செருப்புக்கு நேராக வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், சட்டப்படி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஷூ சத்தம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தேன். ஷூ நீலச் செருப்பைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு முழங்கால் வலிக்கிற மனிதரின் நடை, ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. அந்துவானின் வெறுங்கால்களைத் தாண்டியது. சாம்பல் காலுறைகளுக்கு முன்னால் போய் நின்றது.

நின்றபடியே இருந்தது. ஷூவின் பளபளப்பில் சாம்பல் நிறம் தெரிந்தது.

"தலைய குனிடா" என்றார் பப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்குப் பிறகு அவர் தன் மகனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

காகிதம் சரசரத்தது. மேலே யாரோ அழுதார்கள், ஒருவரா இரண்டு பேரா என்று கீழேயிருந்து தெரியவில்லை. நான் ஓவென்று அழுதுகொண்டே எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. வயிறு மேசைக் காலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது.

"என்ன யாராவது வெளிய எடுங்க" என்று கத்தினேன். ராசாவும் ராணியும் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்து பார்த்தால், எத்தியேனின் தலைக்குக் கிரீடம் பத்தாமல் உச்சியில் சும்மா உட்கார்ந்திருந்தது. அண்ணனுடையதோ காதுவரை இறங்கியிருந்தது. அவன் மூக்கு சிவந்திருந்தது. அத்தை செபமாலையைக் கையில் எடுத்திருந்தாள், ஆனால் கண் அவர்கள்மேல்தான் இருந்தது. இன்றைக்கும் அவள் பவுலடியார் பக்கம்தான். இன்றைக்கும் தினம் அவள் செபத்தில் அண்ணன் பெயரோடு எத்தியேன் பெயரும் வருகிறது. எதற்காக வேண்டுகிறாள் என்று நான் கேட்பதில்லை.

பப்பா அண்ணன் எதிரில் நின்று, சிப்பாயின் தொப்பியைச் சோதிக்கிற அதிகாரி மாதிரி, அந்தக் கிரீடத்தை இரண்டு கையாலும் நேராக்கினார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடி வந்து நேராக்கினார்.

"ஞானஸ்நானத்துக்கு வர்றப்ப இதக் கழட்டிட்டு வா" என்றார். "ஃபாதர் பயந்துடுவாரு."